சிவில் டிராயிங்கை எக்ஸ்போர்ட் செய்யும்போது லேயர் சிதறாமல் பார்த்துக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிவில் 3டி என்ற சாலை, நில வடிவமைப்பு மென்பொருளுக்குள் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். மையக்கோடு சிவப்பு, காண்டூர் (சம உயரக் கோடு) பழுப்பு, வடிகால் நீலம், ஒவ்வொன்றும் தன் லேயரில் (ஒரே வகைக் கோடுகளைச் சேர்த்து வைக்கும் அடுக்கில்). அதையே சாதாரண ஆட்டோகேட் கோப்பாகவோ டிஎக்ஸ்எஃப் (வரைபட மென்பொருள்கள் தங்களுக்குள் பரிமாறும் கோப்பு வடிவம்) ஆகவோ எக்ஸ்போர்ட் செய்து அடுத்தவருக்கு அனுப்பியதும் போன் வரும்: "சார், பாதி லேயர் 0-ல கிடக்கு." (0 என்பது எல்லா டிராயிங்கிலும் தானாகவே இருக்கும் லேயர்.) இல்லாவிட்டால், "காண்டூரை ஆஃப் பண்ணினா எழுத்து மட்டும் அந்தரத்துல நிக்குது."

இப்படி வந்ததும் பலர் அனுப்பிய கோப்பைத் திறந்து, கோடு கோடாகத் தேர்ந்தெடுத்து லேயர் மாற்றி, மறுபடி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த திருத்தம் வந்ததும் அதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். எக்ஸ்போர்ட் கட்டளை லேயரைத் தீர்மானிப்பதில்லை. டிராயிங்கில் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டதை எழுதித் தருகிறது, அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி, எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான்.

ஒரு குறிப்பு: படிக்க வசதியாக இங்கே லேயர் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், ஹைபன், அடிக்கோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்றைய ஆட்டோகேட் தமிழ்ப் பெயரை ஏற்கும். கோப்பை வாங்குகிற மென்பொருளும் ஏற்கும் என்று நம்பி இறங்க முடியாது.

படி 1: வாங்குபவர் என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள்

"டிஎக்ஸ்எஃப் அனுப்புங்க" என்பது முழுமையான கோரிக்கை ஆகாது. அவர் அதை அச்சிடப் போகிறாரா, ஜிஐஎஸ்-ல் (புவியியல் தகவல் அமைப்பில்) ஏற்றப் போகிறாரா, மண்வேலை இயந்திரத்தை வழிநடத்தும் மெஷின் கன்ட்ரோல் கருவிக்குக் கொடுக்கப் போகிறாரா, இல்லை மைக்ரோஸ்டேஷன் என்ற வேறொரு வரைபட மென்பொருளில் ரெஃபரன்ஸாக வைக்கப் போகிறாரா? நான்கிலும் லேயருக்கு வேறு வேறு வேலை. அச்சுக்குப் போனால் லேயரின் கலர் வழியாகப் பேனாத் தடிமன் வரும். ஜிஐஎஸ்-க்குப் போனால் லேயர் பெயர் அட்டவணையில் ஒரு புலமாக உட்காரும். உதாரணமாக, ஜிஐஎஸ் கோப்புகளைப் படிக்கும் ஜிடால் என்ற மென்பொருள் நூலகத்தின் டிஎக்ஸ்எஃப் டிரைவர் கோப்பில் உள்ள எல்லாவற்றையும் ஒரே அடுக்காகத்தான் படிக்கும். உங்கள் லேயர் பெயர் அதில் 'லேயர்' என்ற ஒரு புலத்தின் மதிப்பாக வரும். அங்கே பெயரில் ஓர் எழுத்து பிசகினால், வடிகட்டும்போது அந்தக் கோடு காணாமல் போகும்.

பிறகு அவர்கள் பின்பற்றும் லேயர் தரம் எது என்று கேளுங்கள். ஐஎஸ்ஓ 13567 என்றால் பெயர் நிலையான நீளமுள்ள புலங்களால் ஆனது: பொறுப்பாளருக்கு 2 எழுத்து, கட்டுமான உறுப்புக்கு 6, வெளிப்பாட்டுக்கு 2. இந்த 10-ம் கட்டாயம், மீதி விருப்பம். அமெரிக்க நேஷனல் கேட் ஸ்டாண்டர்ட் என்றால் முதலில் துறைக் குறியீடு (சிவிலுக்கு 'சி', சர்வேக்கு 'வி'), அடுத்து 4 எழுத்துப் பெரும்பிரிவு, தேவைப்பட்டால் 4 எழுத்துச் சிறுபிரிவுகள், கடைசியில் நிலைக் குறியீடு: புதியதற்கு 'என்', இருப்பதற்கு 'இ', இடிக்கப்படுவதற்கு 'டி'. சாலை வேலையில் அதிகம் விட்டுப்போவது இந்தக் கடைசி எழுத்துதான். பழைய சாலை ஓரமும் புதிய சாலை ஓரமும் ஒரே லேயரில் போய்ச் சேர்ந்தால், பின்னால் பிரிப்பது பெரிய தலைவலி.

இதையெல்லாம் ஒரு எக்செல் தாளில் நான்கு நெடுவரிசைகளாகப் போடுங்கள்: என் பொருள், என் லேயர், அவர்கள் லேயர், கலர்/லைன்டைப் (கோட்டு வகை). இனிமேல் ஒவ்வொரு முடிவும் இந்தத் தாளைப் பார்த்துத்தான்.

படி 2: ஒரே பொருளுக்குள் எத்தனை லேயர் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரு சாதாரண கோடு ஒரு லேயரில் இருக்கும். ஆனால் ஓர் அலைன்மென்ட்டோ (சாலையின் பாதைக்கோடு) சர்ஃபேஸோ (நிலப்பரப்பின் மாதிரி) அப்படியில்லை. முதலில் அந்தப் பொருள் முழுவதும் ஒரு லேயரில் இருக்கும். ப்ராப்பர்டீஸில் தெரிவது அதுதான். இதைப் பொருள் லேயர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, அதன் ஸ்டைலில் (அது எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பில்) டிஸ்ப்ளே தாவலைத் திறந்தால் ஒவ்வொரு உறுப்புக்கும் தனி லேயர் இருக்கும்: அலைன்மென்ட்டில் நேர்கோடு, வளைவு, ஸ்பைரல், திசை அம்பு, சர்ஃபேஸில் பெரிய காண்டூர், சிறிய காண்டூர், எல்லை, முக்கோணங்கள். மூன்றாவதாக லேபிள், அதாவது பொருளின் மேல் வரும் எழுத்துக் குறிப்பு. அது தனக்கென ஒரு லேபிள் ஸ்டைலையும், அதற்குள் ஒரு லேயரையும் வைத்திருக்கும்.

பொருள் லேயரை ஃப்ரீஸ் செய்தால் எல்லாமே மறையும். ஆஃப் மட்டும் செய்தால், வேறு லேயரில் இருக்கும் உறுப்புகள் திரையிலேயே நிற்கும். பிளாக்கிலும் (பல கோடுகளைச் சேர்த்து ஒரே பொருளாக்கியது) இப்படித்தான். 'ஆஃப் பண்ணியும் தெரியுதே' என்ற புகாரில் பெரும்பாலானவை இதில் அடங்கிவிடும்.

எக்ஸ்போர்ட் ஆகும்போது பொருள் உடைந்து கோடுகளாகவும் பாலிலைன்களாகவும் பிளாக்குகளாகவும் மாறும். அப்போது உறுப்புகளின் ஸ்டைல் லேயர்கள்தான் வெளியே வரும். ஸ்டைலில் லேயர் 0 என்று விட்டிருந்தால் அந்த உறுப்பு பொருள் லேயரைக் கடன் வாங்கிக்கொண்டு நடக்கும். திரையில் சரியாகவே தெரியும். ஆனால் உடைந்து ஒரு பிளாக்காக நிற்கும்போது, அதற்குள் இருக்கும் கோடு 0-லேயே இருக்கும். வாங்குபவர் அந்த பிளாக்கை எக்ஸ்ப்ளோட் செய்த (தனிக் கோடுகளாக உடைத்த) நொடியில் கடன் தீர்ந்துவிடும். கோடு 0-க்குத் திரும்பிவிடும். ஆட்டோகேட் பிளாக்குகளின் பொது விதியே இதுதான்: உள்ளே 0-ல் வரைந்தது, பிளாக்கைச் செருகிய லேயரின் குணத்தைப் பெறும், எக்ஸ்ப்ளோட் செய்தால் 0-க்கே போகும். எக்ஸ்பிரஸ் டூல்ஸில் உள்ள பர்ஸ்ட் கட்டளை அந்த 0 கோடுகளைச் செருகிய லேயருக்கு மாற்றிக் கொடுக்கும், அட்ரிப்யூட்டுகளையும் (பிளாக்கோடு வரும் விவரங்கள்) எழுத்தாக்கித் தரும். ஆனால் வாங்குபவர் பர்ஸ்ட் பயன்படுத்துவார் என்று எண்ணிக் கோப்பு தயாரிக்க முடியாதே.

அதனால் என் விதி எளிமையானது. வெளியே போகப்போகிற ஸ்டைல்களில் தெரியும் எந்த உறுப்பும் 0-ல் இருக்கக்கூடாது. திரைக்கு மட்டும் வைத்திருக்கும் ஸ்டைல்களில் 0 இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

படி 3: மூலக் கோப்பில் லேயரைக் கட்டிப்போடுங்கள்

சிவில் 3டி-யின் டூல்ஸ்பேஸ் பலகத்தில் செட்டிங்ஸ் தாவலுக்குப் போய், டிராயிங் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து, எடிட் டிராயிங் செட்டிங்ஸ் திறங்கள். அதில் ஆப்ஜெக்ட் லேயர்ஸ் தாவல். ஒவ்வொரு பொருள் வகைக்கும் எந்த லேயர் என்று இங்கே எழுதலாம். பக்கத்தில் மாடிஃபயர் என்றொரு நெடுவரிசை இருக்கும்: ப்ரீஃபிக்ஸ் அல்லது சஃபிக்ஸ். அதன் மதிப்பில் நட்சத்திரக் குறி போட்டால், பொருளின் பெயரே லேயர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். சஃபிக்ஸ் மதிப்பை '-*' என்று வைத்து, அலைன்மென்ட்டுக்கு 'வட-இணைப்பு' என்று பெயர் கொடுத்தால், லேயர் 'சாலை-வட-இணைப்பு' ஆகிவிடும். பல அலைன்மென்ட்களைத் தனித்தனியே ஆன், ஆஃப் செய்ய வேண்டிய வேலையில் இது அருமையான வசதி. அலைன்மென்ட் பெயர்களை மனம்போன போக்கில் வைக்கும் குழுவில் இதே வசதி குப்பை லேயர்களை உற்பத்தி செய்யும். அங்கே மாடிஃபயரைத் தொடாமல் இருப்பதே மேல்.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: இந்த அமைப்பு இனி உருவாக்கும் பொருள்களுக்கு மட்டும்தான் பொருந்தும். ஏற்கெனவே இருப்பவை இருந்த லேயரிலேயே இருக்கும். ப்ராப்பர்டீஸில் போய் நீங்கள்தான் மாற்ற வேண்டும். ஆகவே இதைச் செய்ய வேண்டிய இடம் நிறுவன டெம்ப்ளேட். வேலை பாதி முடிந்த டிராயிங்கில் செய்தால் பாதிப் பலன்தான்.

அதே தாவலின் கீழே உறுப்புகளின் லேயரை உடனடியாகவும் தனித்தனியாகவும் ஆன், ஆஃப் செய்ய ஒரு டிக் பெட்டி இருக்கும். அதை டிக் செய்துவிடுங்கள். லேயரை அணைத்ததும் திரையில் உடனே தெரிந்தால்தான் சோதனை எளிது.

சர்வே புள்ளிகள் இந்தப் பாதையில் வருவதில்லை. டிஸ்கிரிப்ஷன் கீ தொகுப்பில் ஒரு லேயர் நெடுவரிசை இருக்கிறது. புள்ளியின் குறியீடு அங்கே பொருந்தினால் அந்த லேயருக்குத்தான் புள்ளி போகும். மரம், மின்கம்பம், மேன்ஹோல் எல்லாம் பிரிந்து வர வேண்டுமானால் வேலை இங்கே. சர்வே ஃபிகர்களுக்கு (புள்ளிகளை இணைத்து வரும் கோடுகள்) இதே போல ஃபிகர் ப்ரீஃபிக்ஸ் டேட்டாபேஸில் லேயர் இருக்கும். இரண்டையும் புள்ளிகளை இறக்குமதி செய்வதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

அடுத்து ஸ்டைல்கள். டிஸ்ப்ளே தாவலின் மேலே வியூ டைரக்‌ஷன் என்ற பட்டியலைப் பலர் கவனிப்பதே இல்லை. பிளான், மாடல், ப்ரொஃபைல், செக்‌ஷன் என்று ஒவ்வொரு பார்வைக்கும் தனி லேயர் அட்டவணை இருக்கிறது. பிளானில் சரிசெய்துவிட்டு மாடலில் 0 என்று விட்டால், 3டி பார்வையில் லேயர்கள் மாறித் தெரியும். இரண்டிலும் ஒரே லேயர் கொடுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது திரையை மேல்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: தெரியாததாக வைத்த உறுப்பு வெளியே போகாது. சர்ஃபேஸில் எல்லை மட்டும் தெரியும் ஸ்டைலை வைத்து எக்ஸ்போர்ட் செய்தால் எல்லைக்கோடு மட்டும்தான் போகும். அதனால் 'எக்ஸ்போர்ட்' என்ற பெயரிலேயே ஒரு சர்ஃபேஸ் ஸ்டைல் உருவாக்கி டெம்ப்ளேட்டில் வைத்துவிடுவது நல்லது.

காரிடாரில் (சாலையின் முழு 3டி மாதிரியில்) பார்க்க வேண்டியது ஃபீச்சர் லைன் ஸ்டைல்களை. சாலை ஓரம், கெர்ப், பகல்கோடு (சாலைச் சரிவு இயல்பான தரையைத் தொடும் கோடு) என்று ஒவ்வொரு கோடுக்கும் எந்த ஸ்டைல் என்பது காரிடார் ப்ராப்பர்டீஸில் ஃபீச்சர் லைன்ஸ் தாவலில் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டைல் விட்டிருந்தால் எல்லாக் கோடும் ஒரே லேயரில்தான் போகும்.

லேபிள் ஸ்டைலில் லேயர் என்பது ஜெனரல் தாவலில் இருக்கிறது. உள்ளே இருக்கும் எழுத்து, கோடு, பிளாக் என்ற துணுக்குகளுக்குத் தனி லேயர் கிடையாது; கலர், லைன்வெயிட் போன்றவற்றைத்தான் தனியாகக் கொடுக்கலாம். நூறு லேபிள் ஸ்டைல்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். டிராயிங் அளவிலோ பொருள் வகை அளவிலோ எடிட் லேபிள் ஸ்டைல் டிஃபால்ட்ஸ் திறந்து லேயரை எழுதி, கீழே இருப்பவற்றை மேலெழுதும் அம்புக்குறியை அழுத்தினால் போதும். காண்டூர் எழுத்துக்குக் காண்டூர் லேயரையே கொடுக்கலாமா, தனி லேயரா? என் ஓட்டு தனி லேயருக்கு. ஜிஐஎஸ்-க்கு எடுப்பவருக்குக் கோடு மட்டும் வேண்டும். அச்சுக்கு எடுப்பவருக்கு இரண்டும் வேண்டும்.

படி 4: எக்ஸ்ரெஃபும் ஓவர்ரைடும்

எக்ஸ்ரெஃபாக (வெளிக் கோப்பாக) இணைத்த டிராயிங்கின் லேயர்கள் 'அடிப்படை|சாலை-ஓரம்' என்று நடுவில் செங்குத்துக் கோட்டோடு தெரியும். அதை பைண்ட் செய்யும்போது (நிரந்தரமாக உள்ளே சேர்க்கும்போது) இரண்டு வழி. பைண்ட் என்ற வகையில் அது 'அடிப்படை$0$சாலை-ஓரம்' ஆகிவிடும். இன்சர்ட் என்ற வகையில் முன்னொட்டு போய், 'சாலை-ஓரம்' என்ற ஒரே லேயரோடு கலந்துவிடும். அதே பெயரில் உங்கள் டிராயிங்கில் வேறு கலரில் லேயர் இருந்தால் உங்கள் கலர்தான் ஜெயிக்கும். வாங்குபவருக்குச் சுத்தமான பெயர் வேண்டுமென்றால் இன்சர்ட். இருக்கும் நிலையும் புதிய வடிவமைப்பும் இரண்டு கோப்பில் ஒரே லேயர் பெயரோடு இருந்தால் மட்டும் இன்சர்ட் ஆபத்து. இரண்டும் கலந்தபின் பிரிக்க வழியில்லை.

ஓவர்ரைடு என்பது, பொருளுக்கு லேயரின் கலரை விட்டுவிட்டு நேரடியாகக் கலர் கொடுத்திருப்பது. செட் பைலேயர் கட்டளை கலர், லைன்டைப், லைன்வெயிட்டை லேயருக்குத் திருப்பும். பிளாக்குகளுக்குள்ளும் மாற்றட்டுமா என்று கேட்கும். இதை மூலக் கோப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். வேண்டுமென்றே கலர் கொடுத்த இடங்களும் போய்விடும்.

படி 5: எக்ஸ்போர்ட்

எக்ஸ்போர்ட் சிவில் 3டி டிராயிங் என்ற கட்டளையும், கட்டளை வரியில் ஓடும் எக்ஸ்போர்ட் டு ஆட்டோகேட் கட்டளையும் இருக்கின்றன. இரண்டும் சிவில் பொருள்களைச் சாதாரண ஆட்டோகேட் பொருள்களாக மாற்றித் தனிக் கோப்பாகச் சேமிக்கும். கட்டளை வரி வடிவத்தில் எந்த ஆண்டின் ஃபார்மேட், எக்ஸ்ரெஃபை பைண்ட் செய்யட்டுமா, பைண்ட் வகை என்ன, கோப்புப் பெயரின் முன்னொட்டு எது என்பதை நீங்களே சொல்லலாம். மாற்றாமல் விட்டால் கோப்பின் பெயர் 'ஏகேட்-' என்று தொடங்கும். அந்த முன்னொட்டைக் காலியாக்கும் ஆசை வேண்டாம். மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிட்டால் அலைன்மென்ட்டும் காரிடாரும் வெறும் கோடாகிவிடும்.

இந்த மாற்றம் இல்லாமல், சிவில் 3டி கோப்பை அப்படியே அனுப்பினால், சிவில் 3டி இல்லாத வாங்குபவர் ப்ராக்ஸி பொருள்களைத்தான் (அசல் பொருளுக்குப் பதிலாகத் தெரியும் உருவம்) பார்ப்பார். அதில் அவரால் உள்ளே இருக்கும் உறுப்பின் லேயரை மாற்ற முடியாது.

படி 6: லேயர் டிரான்ஸ்லேட்டர்

படி 1-ல் தயாரித்த தாளுக்கு உயிர் வருவது இங்கே. எக்ஸ்போர்ட் ஆன கோப்பைத் திறந்து லேயர் டிரான்ஸ்லேட்டரை இயக்குங்கள். இடப்பக்கம் உங்கள் லேயர்கள், வலப்பக்கம் போக வேண்டிய லேயர்கள். வலப்பக்கத்தை நிரப்ப, வாங்குபவர் தந்த டெம்ப்ளேட்டையோ ஸ்டாண்டர்ட்ஸ் கோப்பையோ லோட் செய்யலாம். பெயர் ஒன்றாக இருப்பவற்றை மேப் சேம் ஒரே தட்டில் இணைக்கும். மற்றவற்றைக் கையால் இணைக்க வேண்டும்.

செட்டிங்ஸில் மூன்று டிக் முக்கியம்: பொருளின் கலரை பைலேயர் ஆக்கு, லைன்டைப்பை பைலேயர் ஆக்கு, பிளாக்குகளுக்குள் இருப்பதையும் மொழிமாற்று. மூன்றாவதை விட்டால், வெளியே பெயர் மாறி, பிளாக்குக்குள் பழைய லேயர் அப்படியே உட்கார்ந்திருக்கும். பர்ஜ் செய்தாலும் (பயன்படாதவற்றை நீக்கும் கட்டளை) போகாது. லாக் எழுதும் டிக்கையும் போட்டுவிடுங்கள். எது எங்கே போனது என்பதற்கு அதுதான் சாட்சி.

எல்லாம் இணைத்ததும் சேவ் அழுத்தி இந்த மேப்பிங்கை ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதை லோட் செய்தால் இணைப்புகள் அப்படியே வரும். டிரான்ஸ்லேட்டரை மூலக் கோப்பில் ஓட்ட வேண்டாம். ஸ்டைல்களோடு பின்னிய லேயர்களை அங்கே கலைத்தால் டெம்ப்ளேட்டுக்கும் டிராயிங்குக்கும் உறவு அறுந்துவிடும்.

படி 7: மற்ற ஃபார்மேட்கள்

டிஜிஎன் (மைக்ரோஸ்டேஷன் கோப்பு வடிவம்) போகிறதென்றால் லேயருக்குப் பதில் லெவல். ஆட்டோகேட்டிலேயே டிஜிஎன் மேப்பிங் அமைப்பு இருக்கிறது. லேயர், லைன்டைப், கலர் ஒவ்வொன்றும் எதற்குச் சமம் என்று எழுதி ஒரு பெயரில் சேமிக்கலாம். பழைய வி7 வடிவம் கேட்டால் 63 லெவல்கள் மட்டுமே, அதுவும் எண்ணால். அங்கே உங்கள் பட்டியலைச் சுருக்க வேண்டும்.

ஜிஐஎஸ்-ல் பயன்படும் ஷேப் கோப்புக்கு மேப் எக்ஸ்போர்ட் கட்டளை. அதில் டேட்டா தாவலில் அட்ரிப்யூட் தேர்வு செய்யும் இடத்தில் ப்ராப்பர்டீஸுக்குக் கீழே லேயரை டிக் செய்யாவிட்டால், கோடு போகும், அது எந்த லேயர் என்ற தகவல் போகாது.

களக் கருவிகள் சில இன்னும் டிஎக்ஸ்எஃப் ஆர்12 கேட்கும். அதில் லேயர் பெயர் 31 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். பைண்ட் செய்த நீளப் பெயர்கள் இங்கேதான் உதைக்கும். புதிய வடிவங்களில் 255 எழுத்து வரை இடமுண்டு.

படி 8: சோதித்துப் பாருங்கள்

கோப்பை ஆடிட் செய்து (பிழை சோதித்து), பர்ஜ் செய்து, பிறகு லேயர் வாக் திறந்து ஒவ்வொரு பெயராகத் தட்டுங்கள். அந்த லேயரில் இருப்பது மட்டும் திரையில் தெரியும். முதலில் 0-ஐயும் டெஃப்பாயிண்ட்ஸையும் (ஆட்டோகேட் தானே உருவாக்கும் ஒரு லேயர்) பாருங்கள். டெஃப்பாயிண்ட்ஸில் சிக்கிய கோடு திரையில் தெரியும், அச்சில் வராது. அதனால் யாருக்கும் கண்ணில் படாமல் கடைசிவரை போய்விடும்.

டிஎக்ஸ்எஃப் அனுப்புவதாக இருந்தால், அதை நோட்பேடில் ஒருமுறை திறந்து பாருங்கள். உரைக் கோப்புதான். ஒரு பாலிலைன் தோராயமாக இப்படி இருக்கும் (நடுவில் சில வரிகளை விட்டிருக்கிறேன்):

0
எல்டபிள்யூபாலிலைன்
8
சாலை-மையக்கோடு
62
1

ஒரு வரி குறியீடு, அடுத்த வரி அதன் மதிப்பு. 8 என்ற குறியீட்டுக்கு அடுத்த வரி லேயர் பெயர். 62 என்றால் கலர். மேலே இருப்பது சிவப்பை நேரடியாகக் கொடுத்த ஓவர்ரைடு. பைலேயராக இருந்தால் 62 வரியே இருக்காது, அல்லது மதிப்பு 256 இருக்கும். 0 என்றால் பைபிளாக் (பிளாக்கின் கலரை எடுக்கும்). கோப்பின் தொடக்கத்தில் உள்ள லேயர் அட்டவணையில் இதே 62 எதிர்மறை எண்ணாக இருந்தால் அந்த லேயர் ஆஃப். அங்கேயே 70-ன் மதிப்பில் 1 சேர்ந்திருந்தால் ஃப்ரீஸ், 4 சேர்ந்திருந்தால் லாக். '290'-க்கு அடுத்த வரி 0 என்றால் அச்சில் வராது. 'எங்க மென்பொருள்ல அந்த லேயரே காணோம்' என்று சொல்பவருக்கு இந்த நான்கு குறியீடுகளை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

தவறு கண்ணில் பட்டால் அனுப்பும் கோப்பைத் தொடாதீர்கள். 0-ல் கிடக்கும் கோடு காண்டூர் என்றால் சர்ஃபேஸ் ஸ்டைலுக்குப் போங்கள். எழுத்து என்றால் லேபிள் ஸ்டைல். மின்கம்பம் என்றால் டிஸ்கிரிப்ஷன் கீ. பெயர் மட்டும் தவறு என்றால் மேப்பிங் கோப்பு. சரிசெய்துவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வாங்குபவர் பாதி வேலையில் லேயர் தரத்தையே மாற்றினாலும் எக்செல் தாளில் ஒரு நெடுவரிசை கூடும், மேப்பிங் கோப்பில் ஒரு புதிய பதிப்பு வரும்; அலைன்மென்ட், சர்ஃபேஸ், காரிடார் எதையும் தொட வேண்டியிருக்காது.